படகின் விசிறியும் டீசல் செலவும்



சேர்வராயன் மலையில், வாழவந்தியில் குடியிருக்கும் ஒருவன் படகைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று உங்களில் சிலர் வியக்கக்கூடும். எங்களைச் சுற்றிலும் காப்பித் தோட்டங்களும், மிளகுக் கொடி ஏறிய மரங்களுமே காணப்படும். கடல் வெகு தொலைவில் இருக்கிறது. ஆயினும் என் ஆசிரியப் பணியில் சில ஆண்டுகள் நாகப்பட்டினக் கடற்கரையை அடுத்த ஓர் ஊரில் கழிந்தன. அங்கே என் வகுப்பில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு நான் பௌதிகம் கற்பித்தேன்; அவர்களுடைய தந்தையர் எனக்குப் படகைக் கற்பித்தார்கள். அந்த இரு கல்வியும் ஒன்றுசேரும் இடம் ஒன்று உண்டு. அது படகின் பின்புறத்தில் நீருக்கடியில் சுழலும் விசிறி. புரொப்பெல்லர் என்று வழங்குகிறோமே, அதுதான்.

விசைப்படகு ஒன்று கடலுக்குச் சென்று திரும்பும் செலவைக் கணக்கெழுதிப் பாருங்கள். பனிக்கட்டி, உணவு, வலைப் பழுது என்று பல இனங்கள் வரும். அவற்றுள் பெரும்பாலும் முதலிடம் பெறுவது டீசல். மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்தப் பணம் போனது போனதுதான். ஆகையால் எஞ்சின் வாங்கும்போது பத்துப் பேரைக் கலந்து ஆலோசிக்கிறார்கள். எத்தனை குதிரைத்திறன், எந்த நாட்டுச் சரக்கு, உதிரி உறுப்புக் கிடைக்குமா என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் நீருக்குள் கிடக்கும் விசிறியைப் பற்றி அவ்வளவு விசாரிப்பவர் குறைவு. டீசலில் பிறந்த ஆற்றல் அவ்வளவும் அந்த மூன்று நான்கு இறக்கைகளின் வழியாகத்தான் நீரைச் சேர வேண்டும். வழி ஒடுங்கினால், எஞ்சின் எவ்வளவு உயர்ந்ததாயினும் பயன் என்ன?

இந்த விசிறி உண்மையில் ஒரு திருகு. பள்ளி ஆய்வுக்கூடத்தில் நீங்கள் திருகு அளவியைக் கையாண்டிருப்பீர்கள். அதன் தலையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் திருகு எவ்வளவு தூரம் முன்னேறுகிறதோ, அதற்குப் புரியிடைத் தூரம் என்று பெயர். அளவியில் அது ஒரு மில்லிமீட்டர் அல்லது அரை மில்லிமீட்டர். படகின் விசிறிக்கும் இதே புரியிடைத் தூரம் உண்டு. துறைமுகத்துப் பட்டறைகளில் பிட்ச் என்பார்கள். இறக்கை எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அதற்கேற்ப அது கூடும், குறையும். பிட்ச் 20 அங்குலம் என்றால், அந்த விசிறி கெட்டியான பொருளைத் துளைத்துச் செல்வதாயின் ஒரு சுற்றில் 20 அங்குலம் முன்னேறும் என்று பொருள்.

ஆனால் நீர் கெட்டியான பொருளன்று. மரத்தில் திருகாணியைச் செலுத்தும்போது மரம் அசையாது. படகை நீரில் செலுத்தும்போது நீர் பின்வாங்கும். நிமிடத்துக்கு 700 சுற்றுச் சுற்றும் 20 அங்குலப் பிட்ச் விசிறி, கணக்கின்படி மணிக்கு 21 கிலோமீட்டருக்குச் சற்று மேல் போக வேண்டும். படகோ மணிக்கு 15 கிலோமீட்டர்தான் போகிறது. இந்த வித்தியாசத்துக்கு நழுவல் என்று பெயர் வைத்துக்கொள்வோம். இங்கே அது நூற்றுக்கு 30. நழுவல் என்றதும் அவ்வளவும் நஷ்டம் என்று எண்ணிவிடாதீர்கள். நீர் பின்னே தள்ளப்பட்டால்தானே படகு முன்னே தள்ளப்படும்? நியூட்டனின் மூன்றாம் விதியை நீங்கள் அறிவீர்கள். நழுவலே இல்லாவிடில் உந்துதலும் இல்லை. நழுவல் மிகும்போதுதான் டீசல் வீணாகிறது.

ஏற்காடு ஏரிக்கு வந்தவர்கள் மிதிபடகில் ஏறியிருப்பீர்கள். அதில் காலால் மிதித்தால் தண்ணீரை வாரி எறியும் ஒரு சக்கரம் சுழலும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நீராவிக் கப்பல்கள் பெரும்பாலும் இவ்வகைச் சக்கரங்களால்தான் ஓடின. 1836-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்ற விவசாயியும், ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் ஜான் எரிக்சனும் சில வார இடைவெளியில் தனித்தனியே திருகு விசிறிக்கு உரிமைப் பட்டயம் பெற்றார்கள். ஸ்மித்தின் முதற் படகில் இருந்தது இரண்டு முழுச் சுற்றுக் கொண்ட நீண்ட மரத் திருகு. 1837-இல் கால்வாயில் ஓட்டுகையில் அது எதன்மீதோ மோதிப் பாதி முறிந்து போயிற்று. படகு நின்றுவிடும் என்று எண்ணினார்கள். அதுவோ முன்னினும் வேகமாக ஓடிற்று! நீண்ட திருகு நீரில் வீணாக உராய்ந்துகொண்டிருந்திருக்கிறது.

1845-இல் பிரிட்டிஷ் கடற்படையார் ராட்லர் என்னும் விசிறிக் கப்பலையும் அலெக்டோ என்னும் சக்கரக் கப்பலையும் பின்புறமாகக் கட்டி, எதிரெதிர்த் திசையில் இழுக்கவிட்டார்கள். ராட்லர் மற்றதை மணிக்கு ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி இழுத்துச் சென்றது. இந்தக் கதையைச் சொல்லும் புத்தகங்கள் பல, ராட்லரின் எஞ்சின் அலெக்டோவினுடையதைவிட வலிமை மிக்கது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டு பொருள்களை ஒப்பிடும்போது மற்றவையெல்லாம் சமமாக இருந்தனவா என்பதே முதற் கேள்வி. ஆயினும் விசிறியே வென்றது என்பதில் பிற்காலத்தில் ஐயம் எழவில்லை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சிறிய விசிறி வேகமாகச் சுழல்வது நல்லதா, பெரிய விசிறி மெதுவாகச் சுழல்வது நல்லதா?

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு விசிறி வினாடிக்கு 100 கிலோகிராம் நீரைப் பிடித்து, அதற்கு வினாடிக்கு 4 மீட்டர் வேகம் கூட்டிப் பின்னே தள்ளுகிறது. கிடைக்கும் உந்துதல் 400 நியூட்டன். மற்றொரு விசிறி பெரியது. வினாடிக்கு 200 கிலோகிராம் நீரைப் பிடித்து, 2 மீட்டர் வேகம் மட்டும் கூட்டுகிறது. அதன் உந்துதலும் அதே 400 நியூட்டன். படகுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் பின்னே ஓடும் நீர் தன்னோடு கொண்டுபோய்விடும் ஆற்றலைப் பாருங்கள். எடையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்க வேண்டும். முதல் விசிறியில் அது வினாடிக்கு 800 ஜூல். இரண்டாவதில் 400 ஜூல். பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது! நிறைய நீரை மெல்லத் தள்ளுவது சிக்கனம். கொஞ்சம் நீரை விரைந்து தள்ளுவது ஊதாரித்தனம். எங்கள் ஏரியில் அகன்ற துடுப்பை நிதானமாக வலிப்பவன், குறுகிய கழியைப் படபடவென்று வலிப்பவனைவிடக் களைப்பின்றிக் கரை சேர்வதும் இதனாலேயே.

அப்படியானால் எவ்வளவு பெரிய விசிறி வேண்டுமானாலும் வைக்கலாமே என்று கேட்பீர்கள். வைக்க இயலாது. விசிறி வாங்கிக்கொள்ளும் ஆற்றல் அதன் சுற்றெண்ணின் மும்மடியையும் விட்டத்தின் ஐந்தாம் அடுக்கையும் ஒட்டி ஏறும். ஆகவே விட்டத்தைக் கூட்டினால் சுற்றைக் குறைத்தே ஆக வேண்டும். அதற்கு எஞ்சினுக்கும் தண்டுக்கும் இடையில் உள்ள கியர் பெட்டி ஒத்துவர வேண்டும். 1,800 சுற்று எஞ்சின் ஒன்று இரண்டுக்கு ஒன்று என்ற கியரில் 28 அங்குல விசிறியை 900 சுற்றில் ஓட்டுகிறது என்று கொள்வோம். மூன்றுக்கு ஒன்று என்ற கியர் பொருத்தினால் சுற்று 600 ஆகும். அதே எஞ்சின் அப்போது ஏறக்குறைய 36 அங்குல விசிறியைச் சுழற்ற வல்லதாகிறது. டீசலில் கணிசமான மிச்சம் உண்டு. ஆனால் 36 அங்குல விசிறி படகின் அடியில் நுழைய இடம் வேண்டாமா? இறக்கையின் நுனிக்கும் படகின் அடிப்பலகைக்கும் இடையே விட்டத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாத இடைவெளி தேவை. இல்லையேல் படகு முழுவதும் அதிரும். ஆற்று முகத்துவாரங்களில் மணல்மேடு வேறு உண்டு. விசிறி ஆழமாக இறங்கினால் தரை தட்டும். இவையெல்லாம் படகைக் கட்டும்போதே தீர்மானிக்க வேண்டியவை. வீட்டைக் கட்டி முடித்தபின் ஜன்னலுக்கு இடம் தேடினால் சுவரைத்தான் இடிக்க வேண்டியிருக்கும்.

இனி, விட்டம் முடிவானபின் பிட்ச் எவ்வளவு? இதை விளக்க எனக்கு எங்கள் மலைப்பாதையைவிடச் சிறந்த உவமை கிடைக்கவில்லை. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டையூசி வளைவுகள் இருக்கின்றன. லாரி ஓட்டுநர் ஒவ்வொரு வளைவிலும் கியரைக் குறைப்பார். குறைக்காமல் சமவெளிக் கியரிலேயே ஏற முயன்றால் எஞ்சின் முக்கும், கரும்புகை கக்கும், கடைசியில் நின்றுபோகும். மலையேறும் கியரிலேயே சேலம் நகருக்குள் ஓட்டினாலோ எஞ்சின் அலறும், வண்டி நகராது. படகில் முன்னே செல்வதற்கு ஒரே கியர்தான். விசிறியின் பிட்சே அந்தக் கியர். பெரிய கப்பல்களில் ஓடும்போதே இறக்கைச் சாய்வை மாற்றும் ஏற்பாடு உண்டு. நம் மீன்பிடி படகுக்கு அது விலை கட்டாது.

ஆகையால் படகு என்ன வேலை செய்யப்போகிறது என்பதே முதற் கேள்வியாக வேண்டும். இழுவலை இழுக்கும் படகு மணிக்கு ஐந்து கிலோமீட்டர் அளவில் மணிக்கணக்காக நகரும். வலையின் பாரம் மலையேற்றம் போன்றது. அதற்கு விட்டம் பெரிதாகவும் பிட்ச் குறைவாகவும் இருக்க வேண்டும். விசிறியைச் சுற்றிக் குழாய்த்துண்டு போன்ற ஒரு வளையம் பொருத்தினால் இழுக்கும் வலிமை இன்னும் கூடும். ஆனால் வேகமாக ஓடும் படகுக்கு அதே வளையம் சுமை. செவுள்வலைப் படகோ நெடுந்தூரம் ஓடி, வலையை விரித்து, மீண்டும் ஓடி வருவது. அதற்குப் பிட்ச் கூடுதலாக வேண்டும். பக்கத்துப் படகில் நன்றாக ஓடுகிறது என்று அதே விசிறியை வாங்கி மாட்டுவது, அண்ணனுக்குத் தைத்த சட்டையைத் தம்பிக்குப் போடுவதுதான். சில சமயம் பொருந்தும்.

பொருந்தியதா என்று அறிவதற்குச் சோதனை எளிது. வழக்கமான பாரத்தோடு, அதாவது பனிக்கட்டி, டீசல், வலை, ஆட்கள் எல்லாம் ஏற்றி, ஆழமான அமைதியான நீரில் முழு விசையில் ஓட்ட வேண்டும். எஞ்சின் செய்தவர்கள் குறித்திருக்கும் சுற்றை எஞ்சின் எட்டுகிறதா என்று சுற்றுமானியில் பார்க்க வேண்டும். 1,800-க்குக் குறித்த எஞ்சின் 1,600-இல் திணறிக் கரும்புகை விட்டால் பிட்சோ விட்டமோ மிகை. எளிதில் எட்டி, மேலும் ஓட விரும்பினால் விசிறி போதாது. படகின் பின்பலகையில் மாட்டும் சிறு எஞ்சின்களில் பிட்சை ஓர் அங்குலம் குறைத்தால் சுற்று 150 முதல் 200 வரை ஏறும் என்பது அனுபவக் கணக்கு. ஒரு மணி நேரச் சோதனை இது. அதைச் செய்யாமல் ஆண்டுக்கணக்கில் டீசலை எரிப்போர் பலர்.

நம் நாட்டில் மீன்பிடி படகுகளுக்கு எஞ்சின் பரவலாக வந்து அதிக காலம் ஆகிவிடவில்லை. 1952-இல் ஐக்கிய நாடுகள் சபையும் நார்வேயும் இந்தியாவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 1953-இல் கேரளத்து நீண்டகரையில் தொடங்கிய திட்டம் அதற்கு ஒரு பெரிய தூண்டுதல். 1957-இல் கொச்சியில் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் ஏற்பட்டது. அக்காலத்தில் டீசல் மலிவு. குதிரைத்திறனைக் கூட்டுவதே முன்னேற்றம் என்று கருதப்பட்டது. 1973-இல் உலகெங்கும் எண்ணெய் விலை ஏறியபின் எண்ணம் மாறத் தொடங்கியது. உலக உணவு வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் 1979-இல் தொடங்கிச் சென்னையில் இருந்து வேலை செய்தது. அதன் சார்பில் நார்வேப் படகு வடிவமைப்பாளர் கல்பிரான்ட்சென், சிறு மீன்பிடி படகுகளின் எரிபொருட் செலவைக் குறைப்பது பற்றி 1986-இல் ஒரு நூலே எழுதினார். பெரிய விசிறி, குறைந்த சுற்று, நிதானமான வேகம் ஆகியவற்றை வற்புறுத்தியவர் அவர்.

நிதானமான வேகம் என்றேனே, அங்கேதான் சிக்கல். என் மாணவன் ஒருவனின் தந்தை, நீர்மட்டத்தில் 36 அடி நீளமுள்ள விசைப்படகு வைத்திருந்தார். வேகம் வேண்டும் என்று கடன் வாங்கி, எஞ்சினை மாற்றிப் பெரியதாக வைத்தார். அதற்கேற்ற விசிறியும் போட்டார். சில மாதம் கழித்துப் பள்ளிக்கு வந்தபோது, “ஐயா, எஞ்சின் பெரிசாச்சு, டீசலும் பெரிசாச்சு, கரை மட்டும் கிட்ட வரலியே!” என்றார்.

நான் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். இவ்வகைப் படகு ஓடும்போது தானே ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலையின் நீளம் கூடுகிறது. அலையின் நீளம் படகின் நீளத்தை எட்டியதும், படகு தான் எழுப்பிய அலையின் மேட்டில் தானே ஏற வேண்டியதாகிறது. அந்த எல்லையைக் காண, நீர்மட்ட நீளத்தை அடியில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.34-ஆல் பெருக்க வேண்டும். 36-க்கு வர்க்கமூலம் 6. பெருக்கினால் 8 கடல் மைல், அதாவது மணிக்கு 15 கிலோமீட்டர். அவருடைய பழைய எஞ்சினே ஏறக்குறைய அந்த வேகத்தைத் தந்துகொண்டிருந்தது. புதிய குதிரைகள் அத்தனையும் அலையைத்தான் பெரிதாக்கின.

“சுற்றைப் பத்தில் ஒரு பங்கு குறைத்து ஓட்டிப் பாருங்கள்” என்றேன். ஆற்றல் சுற்றின் மும்மடியை ஒட்டியது அல்லவா? 0.9-இன் மும்மடி 0.729. மணிக்கு எரியும் டீசல் கால் பங்குக்கு மேல் குறையும். வேகமும் பத்தில் ஒரு பங்கு குறைவதால் பயணம் சற்று நீளும். அதையும் சேர்த்துப் பார்த்தால், அதே தூரத்துக்கு நூற்றுக்கு 19 பங்கு மிச்சம். மூன்று மணி நேர ஓட்டம் மூன்று மணி இருபது நிமிடம் ஆகும், அவ்வளவே.

அவர் சிறிது நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: விடியற்காலை ஏலத்தில் முதலில் வரும் படகுக்கு ஒரு விலை, பின்னால் வரும் படகுக்கு வேறு விலை, அந்த இருபது நிமிடத்தில் டீசல் மிச்சத்தைவிட அதிகம் போய்விடும் நாள்களும் உண்டு. நான் மறுமொழி கூறுமுன் அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார். கடலுக்குப் போகும்போது யாரும் ஏலம் போடுவதில்லை. ஆகவே போகையில் மெதுவாகப் போவது, வருகையில் நிலைமைக்குத் தக்கபடி ஓட்டுவது. என் கணக்கைவிட அது நல்ல கணக்கு என்றே நான் நினைக்கிறேன். அடுத்த ஆண்டு வகுப்பில் அதையே ஒரு வினாவாகக் கொடுத்தேன்.

நல்ல விசிறியும் கவனிப்பாரின்றிக் கெடும். இறக்கையில் சிப்பிபோல் ஒட்டி வளரும் உயிர்களும், கயிறு சிக்கியும் தரை தட்டியும் வளைந்த ஓரங்களும் டீசலைத் தின்பவை. இறக்கைப் பரப்புப் போதாமல் மிக வேகமாகச் சுழன்றால் வேறொரு தீங்கு நேரும்: இறக்கையின் முதுகுப்புறத்தில் அழுத்தம் குறைந்து, நீர் குளிர்ந்த நிலையிலேயே ஆவிக் குமிழ்களாகக் கொதிக்கும். குமிழ்கள் உடையும்போது வெண்கலத்தையே அரித்துவிடும். சார்ல்ஸ் பார்சன்ஸ் 1894-இல் கட்டிய டர்பினியா என்னும் கப்பல் முதலில் இதனால்தான் வேகம் பெறாமல் நின்றது. அவர் மூன்று தண்டுகளில் தண்டுக்கு மூன்றாக ஒன்பது விசிறிகள் பொருத்திப் பாரத்தைப் பகிர்ந்தளித்த பின், 1897-இல் அது மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது.

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறிப் பழுது பார்க்கப்படும் காலம் அது. கடற்கரை மாணவர்கள் அப்போது இந்தச் சோதனையைச் செய்யலாம். கழற்றிய விசிறியைச் சமதரையில் படுக்க வையுங்கள். நடுவிலிருந்து 10 அங்குலத் தொலைவில், ஓர் இறக்கையின் இரு ஓரங்களும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, வித்தியாசம் காணுங்கள்; 3 அங்குலம் என்று கொள்வோம். அந்த இரு ஓரங்களுக்கும் இடையே தரையில் உள்ள தூரம் 9 அங்குலம். 10 அங்குல ஆரமுள்ள வட்டத்தின் சுற்றளவு 62.8. அதை 3-ஆல் பெருக்கி 9-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 21. அதுதான் பிட்ச். மற்ற இறக்கைகளையும் இவ்வாறே அளந்து பாருங்கள். ஒன்றுக்கு 21-உம் மற்றொன்றுக்கு 19-உம் வந்தால், படகு ஏன் அதிர்கிறது என்பது வீட்டாருக்கு விளங்கிவிடும்.

மலைநாட்டு மாணவர்களுக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். ஏற்காடு கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. காற்றைத் தானே உறிஞ்சும் சாதாரண எஞ்சினுக்கு ஆற்றலும் ஏறக்குறைய அவ்வளவு குறையும். கடற்கரையில் முழுப் பாரத்தோடு 5,500 சுற்றை எட்டிய ஒரு சிறு படகு எஞ்சினை அதே விசிறியோடு இங்கே ஏரியில் இறக்கினால், சுற்று 5,200 அளவிலேயே நின்றுவிடும். போன ஆற்றல் திரும்பி வராது. ஆனால் எஞ்சின் திணறாமல் தன் சுற்றை எட்டச் செய்யலாம். விசிறியின் நடுக்குமிழில் இரண்டு எண்கள் பொறித்திருப்பார்கள். முதலாவது விட்டம், இரண்டாவது பிட்ச். கடற்கரையில் இரண்டாவது எண் 12 என்றால், இங்கே 11 என்று கேட்டு வாங்க வேண்டும். ஆட்கள் நிறைய ஏறும் படகானால் 10 என்றே கேட்கலாம்.